உழவர்கரைக் கொய்யாவுக்கு நான் சொன்ன முப்பது நாள்

போன வாரம் உங்களில் ஒருவர் விவசாயிகளுக்கென்று எழுதிய பரிந்துரைக் குறிப்பை என்னிடம் படிக்கக் கொடுத்தீர்கள். எழுதியவர் யார் என்று சொல்லமாட்டேன், பாவம், புதிதாகக் கல்யாணமானவர். அதில் நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. காய் வளரும் பருவத்தில் நீரைக் குறைத்தால் பழத்தின் தரம் உயரும் என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த பத்திக்குப் போய்விட்டார். எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த மண்ணில், எத்தனை நாள், மறுபடி எப்படித் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் கூட என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

கோபம் அந்தப் பிள்ளை மேல் இல்லை. அதே வரியை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். எழுதக்கூட இல்லை. உழவர்கரையில் ஒரு கொய்யாத் தோட்டத்து வரப்பில் நின்று, சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல், வாயால் சொன்னேன். அதற்கு ஒரு குடும்பம் என்ன பாடுபட்டது என்பதை இப்போது சொல்கிறேன். காதில் போட்டுக்கொண்டு அப்புறம் அந்தக் குறிப்பைத் திருத்துங்கள்.

நான் விவசாய இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அலுவலகத்தில் மேசை நாற்காலியெல்லாம் அப்படியே இருந்தன, உட்கார்ந்த ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய பிரெஞ்சுப் புத்தகங்கள். எங்கள் மேலதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியும், மண் தெரியும், பிரெஞ்சு தெரியாது. எனக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் படிப்பு. அந்த அலமாரியைத் திறந்து படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வெற்றிலை போடுவார்கள். நான் புத்தகமும் கையுமாக எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து உட்காருவேன்.

அப்படிப் படித்ததுதான் பேரிக்காய்த் தோட்டம் பற்றிய ஒரு தடிமனான புத்தகம். பேரிப் பிஞ்சு ஆரம்பத்தில் வேகமாகப் பருக்கும், நடுவில் ஒரு மாதம் போல அசையாமல் நிற்கும், கடைசியில் மறுபடி வேகமாகப் பருக்கும். அந்த நடு மாதத்தில் தண்ணீரைக் குறைத்தால் மரத்துக்கு மோசமில்லை. இலைக்குப் போகிற சத்து குறைந்து, பழம் கெட்டியாக, இனிப்பாக வரும். கடைசி மாதம் மறுபடி தண்ணீர் கொடுத்தால் பருமனும் கிடைத்துவிடும். புத்தகம் சொன்னது இதுதான். இன்று வரைக்கும் அது பொய்யில்லை. நம் கொய்யாவும் ஏறக்குறைய அதே மாதிரிதான் வளர்கிறது. புத்தகத்தில் தப்பே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நீங்கள் பழியைத் தூக்கி அதன் மேல் போடுவீர்கள். நானும் அப்போது அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

அந்தத் தோட்டத்தில் இருநூறு கொய்யா மரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சொந்தக்காரர் சைகோனில் பிரெஞ்சு சர்க்காரில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். ஊருக்குள் வீடு, வெள்ளை ட்ரில் துணியில் கால்சட்டை, தலையில் தக்கைத் தொப்பி. எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். விளைச்சலில் பங்கு பேசித் தோட்டத்தை வாரத்துக்குப் பார்த்துக்கொண்டவர்கள் அஞ்சலையம்மாவும் அவர் வீட்டுக்காரரும். வீட்டுக்காரர் சைக்கிளில் கூடை கட்டிப் பழத்தை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். தோட்டத்து வேலை முழுக்க அஞ்சலையம்மா கையில். முப்பத்தைந்து வயசிருக்கும். மண்வெட்டியைத் தோளில் போட்டபடிதான் பேசுவார். குடிசையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அந்த மரங்களை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

தோட்டத்து மூலையில் ஒரு ஊற்றுக் குழாய். பூமிக்கடியிலிருந்து தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வரும். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம், எஞ்சின் வேண்டாம். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் அப்படி நிறைய இருந்தன. சும்மா வருகிற தண்ணீரை யார் நிறுத்துவார்கள்? வருடம் முழுக்க வாய்க்காலில் ஓடிக்கொண்டே இருக்கும், மரங்கள் குடித்துக்கொண்டே இருக்கும். பழம் பார்ப்பதற்கு எப்படி இருக்கும் தெரியுமா? உள்ளங்கை கொள்ளாது, பளபளவென்று மின்னும். கடித்தால் வாயில் ஒன்றுமே இருக்காது, வெறும் தண்ணீர்.

முசேவுக்கு வருடா வருடம் ஒரு வழக்கம். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்குத் தன் தோட்டத்துப் பழத்தில் ஒரு கூடை மாதா கோவில் சாமியார்களின் சாப்பாட்டு மேசைக்கு அனுப்புவார். முந்தைய வருடம் அனுப்பிய கூடையைச் சாமியார் வீட்டுச் சமையல்காரர் ருசி பார்த்துவிட்டு, இது பழத்தில் சேர்த்தியில்லை என்று நறுக்கித் தாளித்துப் பொரியல் பண்ணிவிட்டாராம். அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முசே அவமானத்தில் ஒரு மாதம் பூசைக்கே போகவில்லை என்று பேச்சு.

மே மாதம் என்னைத் தோட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். அஞ்சலையம்மாவையும் நிற்க வைத்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, நீதான் ஆபீஸ்ல படிச்சவன்னு சொல்றாங்க. இந்த வருஷம் மாதா திருநாளுக்குக் கூடை போவணும். பழம் இனிச்சா தோட்டம் இருக்கும். போன வருஷம் மாதிரி இருந்திச்சு, செப்டம்பர்ல அத்தினி மரத்தையும் வெட்டிட்டு சவுக்கு வைப்பேன். சவுக்குக்கு ஆளும் வாணாம், குடிசையும் வாணாம். நாத்துக்குச் சொல்லிட்டேன்."

அஞ்சலையம்மா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றிக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் குஷி. நான் படித்த புத்தகத்துக்கு ஏற்ற வியாதி கையில் வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அங்கே ஒருத்தி தன் வீடு போகப்போகிறதே என்று நின்றது என் கண்ணில் படவே இல்லை.

ஜூன் நடுவில் பிஞ்சுகள் வளர்ச்சி நின்று அசையாமல் இருந்தன. சைக்கிளில் போனேன், வரப்பில் காலை ஊன்றினேன், சொன்னேன்.

"அஞ்சலையம்மா, மடையைத் திருப்பிவிடுங்க. தண்ணி பூரா குட்டைக்குப் போகட்டும். மரத்துக்கு ஒரு சொட்டு வேணாம்."

"எத்தினி நாளு சார்?"

"முப்பது நாள்."

"நித்தம் குடிச்சிக்கினே இருந்த மரம் சார் இது. திடுக்குனு முப்பது நாளு தாங்குமா?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"எந்த ஊரு மண்ணுக்குப் போட்டது சார் அது?"

"மண்ணெல்லாம் மண்ணுதாம்மா" என்றேன். இப்போது சொல்லும்போதும் நாக்கு கூசுகிறது. புத்தகம் எழுதியவன் ஊர் மண் ஆளுயர ஆழத்துக்குக் களி. மேலே காய்ந்தாலும் அடியில் ஒரு மாதத்துக்கு ஈரம் இருக்கும். உழவர்கரையில் மணல் கலந்த செம்மண், அந்தத் தோட்டத்தின் மேட்டுப்பக்கம் முழத்துக்குக் கீழே வெறும் சரளை. அது போதாதென்று, எப்போதும் தண்ணீர் காலடியிலேயே இருந்ததால் அந்த மரங்களின் வேர் கீழே போகவே இல்லை, மேலாகவே பரவிக் கிடந்தது. அஞ்சலையம்மா ஒரே கேள்வியில் இவ்வளவையும் கேட்டுவிட்டார். நான் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் போனபோது மத்தியான வெயிலில் இலைகள் சுருண்டிருந்தன. காலையில் விரிந்துவிடுகிறதா என்று கேட்டேன், விரிகிறது என்றார். சந்தோஷமாகத் திரும்பினேன். பதினைந்தாம் நாள் காலை எட்டு மணிக்குப் போனேன். இலைகள் விரியவில்லை. மேல்காற்று வேறு அனலாக அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் உதிர்ந்த பிஞ்சுகளை அஞ்சலையம்மா பொறுக்கிக் குவித்து வைத்திருந்தார். மரத்துக்கு ஒரு குவியல். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பார்க்க வேண்டும் என்றுதான் குவித்திருந்தார். நான் பார்த்தேன். "இன்னும் கொஞ்ச நாள்" என்று முனகிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஐந்து நாள் நான் செய்ததைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். வடக்கே பிள்ளைச்சாவடிக்குப் போனேன். அங்கே தென்னையில் வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போவதாக நானே எழுதிக்கொண்டேன். கடற்கரையோரம் தென்னை தென்னையாக அண்ணாந்து பார்த்தேன். வண்டும் இல்லை, மண்ணும் இல்லை. மீன்கூடைக்காரம்மா ஒருவர் இரண்டாம் நாள் பார்த்துவிட்டு, "இன்னா சார், மரத்துல இன்னா தேடறீங்க தெனைக்கும்?" என்று கேட்டார். பயந்து ஓடி ஒளிந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பிஞ்சுக் குவியல்தான்.

ஆறாம் நாள் மேலதிகாரி கூப்பிட்டார்.

"பிள்ளைச்சாவடித் தென்னைக்கு என்னங்க தம்பி அவ்வளவு அவசரம்?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தேன், அவருக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதையே மறந்து. அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"மண்ணைத் தோண்டிப் பாத்தீங்களா?"

"இல்லைங்க சார்."

"நிறுத்தறதுக்கு முன்னாடி?"

"இல்லைங்க."

"நிறுத்தின அப்புறம்?"

அதுவும் இல்லை. அவர் திட்டுவார், அல்லது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை. "நான் வந்தா என் பேச்சைக் கேப்பாங்க. ஆனா சொன்னது நீங்க. போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூட வந்திருந்தால் என்ன என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி இருக்கும். அஞ்சலையம்மா மடையில் நின்றிருந்தார். குட்டைக்குப் போகிற வழியை அடைத்துத் தோட்டத்துப் பக்கம் திறக்க மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.

"நில்லுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு நிக்கணும்?" குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆறு நாளா ஆளையே காணோம். மேட்டுல பதினோரு மரம் குச்சியாப் போச்சு, கிள்ளிப் பாத்தா பச்ச இல்ல. மிச்சத்தையாவது காப்பாத்திக்கிறேன் சார். வழிய வுடுங்க."

எனக்கும் அதே எண்ணம்தான். திறந்துவிட்டு, மரம் குடிக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் மேலதிகாரியின் கேள்வி காதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கடப்பாரையை எடுத்துப் பக்கத்து மரத்தடியில் தோண்டினேன். ஒரு முழம் வரைக்கும் மாவாக உதிர்ந்தது. அதற்குக் கீழே கையில் லேசாகக் குளிர்ச்சி தட்டியது. இன்னும் சாகவில்லை. எவ்வளவு கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே குடிசைப் பக்கம் நடந்தேன்.

குடிசைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு கொய்யா மரம். மடையைத் திருப்பிய பிறகு அதற்குக் கிடைத்தது தினமும் இரண்டு மூன்று குடம் கழுவின தண்ணீர்தான். இலை கொஞ்சம் வாடியிருந்தது, ஆனால் பிஞ்சு ஒன்றுகூட உதிரவில்லை. சிறிதாக, கல் மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்றைப் பறித்துக் கடித்தேன். பச்சைக் காய்தான், ஆனாலும் துவர்ப்புக்கு அடியில் ஒரு ருசி இருந்தது. முந்தைய வருடத்துப் பழுத்த பழத்தில் இல்லாத ருசி.

அங்கிருந்து, குட்டைக்குப் போகிற வாய்க்கால் ஓரமாகத் திரும்பி வந்தேன். கரையில் எலி வளை ஒன்று உடைந்து, முந்தாநாள் தண்ணீர் ஒரு மரத்தடியில் மட்டும் பாய்ந்து குளமாக நின்றிருந்தது. அந்த மரத்தில் இலையெல்லாம் பச்சென்று நிமிர்ந்திருந்தது. காயைப் பார்த்தேன். பாதிக்கு மேல் வாய் பிளந்து, உள்ளே விதை தெரிந்தது. இருபது நாள் காய்ந்து தோல் இறுகிப்போன காய்க்குத் திடீரென்று தண்ணீர் கிடைத்ததும் உள்ளே ஊதிவிட்டது, தோல் கொடுக்கவில்லை, வெடித்துவிட்டது.

அதில் நாலைந்து காயைப் பறித்துக்கொண்டு மடைக்கு ஓடினேன். அதே நேரம் வாசலில், ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற புஷ்வண்டி ஒன்று வந்து நின்றது. முசே இறங்கினார். உதிர்ந்த சேதி அவருக்கு எட்டியிருக்கிறது. கூடவே மண்வெட்டியோடு ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார்.

"தம்பி, உன் படிப்பெல்லாம் போதும்" என்றார். "மரத்தக் கொல்றதுக்கு எனக்குத் தெரியும், அதுக்கு கவர்மெண்ட் ஆளு வாணாம். டேய், மடையத் தொற."

நான் மடைமேல் ஏறி நின்றேன். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று கேட்காதீர்கள், தைரியமே இல்லை. வேலையில் இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. அவர் ஒரு கடிதம் போட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் பதினோரு மரத்தை ஒரு தப்பால் கொன்றுவிட்டு, மிச்சத்தை அதே கையால் இன்னொரு தப்புக்குக் கொடுக்க முடியவில்லை.

"முசே, நான் சொன்னது தப்பு. முப்பது நாள் இந்த மண்ணுக்கு ஆகாது. ஆனா இப்ப ஒரேயடியா தொறந்தா இப்படி ஆயிடும்" என்று வெடித்த காய்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அஞ்சலையம்மா வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த மரத்துது?"

"எலி வளை உடைஞ்ச மரம்."

"நேத்து அது மட்டும் துளுத்துதேன்னு சந்தோசப்பட்டேன்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "மொத தபா நீங்க சொன்னத நம்பி பதினோரு மரம் போச்சு. இப்ப ரெண்டாந் தபாவும் நம்பணுமா சார்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? "என்னை நம்ப வேணாம்மா. ரெண்டு மரத்தையும் நீங்களே போய்ப் பாருங்க. வெடிச்ச மரம், பாத்திரம் கழுவற எடத்து மரம். அப்புறம் நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்றேன்.

போனார். முசே தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றார். நான் மடையை விட்டு இறங்கவில்லை. அஞ்சலையம்மா பார்த்துவிட்டு வந்த நேரம் பத்து நிமிஷம்கூட இருக்காது, எனக்கு ஒரு நாள் மாதிரி இருந்தது.

"கொடத்துல ஊத்தலாம் முசே" என்றார் வந்ததும். "மரத்துக்கு ரெண்டு கொடம், நாலஞ்சு நாளைக்கு. அப்பறமா வாய்க்கால்ல கொஞ்சமாத் தொறக்கலாம். என் ஊட்டுப் பின்னால இருக்கற மரம் அதக் குடிச்சித்தான் நிக்குது."

"இத்தினி மரத்துக்கும் கொடத்துலயா?"

"என் கையிதான வலிக்கப் போவுது."

முசே தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "போன், சரி. மாதா திருநாள் வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அவர் போனதும் குடம் எடுக்கக் குடிசைக்குப் பின்னால் போனேன். அங்கே உடைந்த பானை, பழைய தகர டின் என்று வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் கொய்யாப் பதியன்கள். அந்தப் பாத்திரம் கழுவுகிற மரத்துக் கிளைகளில் கட்டி வேர் விட வைத்து எடுத்தவை. இருபது இருக்கும்.

"இது எதுக்கும்மா?"

"சவுக்கு வைக்கறேன்னு முசே சொன்னாரே, அன்னிக்கே கட்டிட்டேன். தோட்டம் போயிடிச்சின்னா, போற எடத்துல வைக்கறதுக்கு." சொல்லிவிட்டு ஒரு குடத்தை என் பக்கம் நகர்த்தினார். "நின்னுக்கினே இருந்தா ஆவுமா சார்? தூக்குங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் முப்பது நாள் என்று அலட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், இவர் போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போகிற இடம் எது என்றுகூடத் தெரியாமல். முகத்தைக் கழுவுகிற மாதிரி குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கினேன்.

நாலு நாள் தூக்கினோம். அஞ்சலையம்மா, அவர் வீட்டுக்காரர், நான். அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன், மேலதிகாரி காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். தோள்பட்டை தோல் உரிந்துவிட்டது. தினமும் காலையில் நாலு இடத்தில் தோண்டி ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்ப்பேன், அஞ்சலையம்மாவும் கையை விட்டுப் பார்ப்பார். நான் போதும் என்பேன், அவர் போதாது என்பார். ஐந்தாம் நாள் மடையில் ஒரு கைப்பிடி அகலம் திறந்தோம். ஒரு வாரம் கழித்து இரண்டு கை அகலம். எவ்வளவு திறப்பது என்று அவர்தான் சொன்னார்.

ஆகஸ்ட் பிறந்தது. காய்கள் மெல்லப் பருக்க ஆரம்பித்தன. மாதா திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கன்னங்கரேலென்று மேகம் ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். மழையை மடைபோட்டு நிறுத்த முடியுமா? அஞ்சலையம்மா வீராம்பட்டினம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார், வாய்விட்டே வேண்டினார். நானும் மனசுக்குள் வேண்டினேன். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. குடிசைக்குள் ஒண்டிக்கொண்டு, கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை நான் போவதற்குள் அவர் வரிசை வரிசையாகப் பார்த்து முடித்திருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையை விரித்தார். வெடித்த காய் ஏழெட்டுதான். மண்ணில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருந்ததால் மழைத் தண்ணீர் மரத்துக்குத் திடீர் விருந்தாக இல்லை. அன்றைக்கு மடையை முழுக்கத் திறந்திருந்தால் காயெல்லாம் அப்போதே வெடித்திருக்கும், பயந்து காயவே விட்டிருந்தால் இந்த மழையில் ஒரு காய் தப்பியிருக்காது.

பதினாலாம் தேதி காலையில் முசே ஒரு ஆளோடு வந்தார். பழம் முந்தைய வருடத்தில் பாதிதான் இருந்தது. உருவமும் சிறிது, தோலும் மங்கல். அஞ்சலையம்மா கூடையை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். முசே பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். ஒரு பழத்தை நாலாக வகிர்ந்தார். ஒரு துண்டைத் தின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது துண்டைத் தின்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், காய்ந்துபோன மேட்டுப்பக்கத்தையும் பார்த்தார். பிறகு அதையும் தின்றார். நாலாவது துண்டைக் கூட்டி வந்த ஆளிடம் கொடுத்தார்.

"சவுக்கு நாத்து வாணாம்னு போய்ச் சொல்லிட்டு வா" என்றார் அவனிடம்.

அஞ்சலையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். முசே அதைப் பார்க்காத மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அடுத்த வருஷம் எத்தினி நாளு நிறுத்தணும் தம்பி?"

"தெரியாது முசே" என்றேன். "அவங்களைக் கேளுங்க."

சைகோன் வரைக்கும் போய் வந்த மனிதர், அஞ்சலையம்மா பக்கம் திரும்பி யோசனை என்று ஒன்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன். "அத அப்பப்ப மண்ணப் பாத்துத்தான் சொல்லணும் முசே" என்றார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

முசே ஜெயித்தார், கூடை ஜெயித்தது, சாமியார் வீட்டுச் சமையல்காரர் இந்தத் தடவை கத்தியை எடுக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பதினோரு மரம் திரும்பவில்லை. பழம் இனித்ததற்காக என்னைப் பாராட்டியவர்கள் உண்டு. நான் கேட்டுக்கொண்டு நிற்பேன், மனசு மேட்டுப்பக்கத்திலேயே கிடக்கும். நல்ல மரம் பதினொன்று, காய்ப்பில் இருந்த மரம், ஒரு பொடியன் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து சொன்ன ஒரு எண்ணுக்காகச் செத்தன. அதை இன்றைக்கும் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

அந்த மாதக் கடைசியில் குழி எடுத்தோம். காய்ந்த மரங்களை வேரோடு தோண்டி, அந்தந்த இடத்தில், போகிற இடத்தில் வைப்பதற்கென்று கட்டி வைத்திருந்த பதியன்களை அஞ்சலையம்மா வைத்தார். பானைகளைக் குடிசையிலிருந்து மேட்டுக்குச் சுமந்தது நான். பதினோராவது குழியை மண் போட்டு மிதித்து முடித்துவிட்டு, இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தார்.

"இதுக்கு எத்தினி நாளிக்கு ஒரு தபா தண்ணி சார்?" என்று கேட்டார். கண்ணில் குறும்பு.

குனிந்து குழியில் கையை விட்டுப் பார்த்தேன். "தெரியல அஞ்சலையம்மா" என்றேன். "நாளைக்கு வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"இப்பதான் சார் ஆபீசரு மாதிரி பேசறீங்க" என்று சொல்லிவிட்டு அவர் குடத்தை எடுக்கப் போனார்.